பட்டறைப் பக்கம்: படகு முன்கண்ணாடிக்கு ஒரு நூல் இடம்

கேள்வி: அண்ணே வணக்கம். எங்ககிட்ட 18 அடி ஃபைபர் போட்டு ஒண்ணு இருக்கு, அப்பா காலத்துல செகண்ட் ஹேண்டா வாங்கினது. முன்னாடி அலுமினிய ஃபிரேம்ல மூணு துண்டா கண்ணாடி, நடுவுல நேர்த்துண்டு, ரெண்டு பக்கமும் லேசா வளைஞ்ச துண்டு. 2018 கஜா புயல்ல தென்னை மட்டை விழுந்து நடுத்துண்டு போச்சு. அப்புறம் நேம்போர்டு கடையில அக்ரிலிக் ஷீட்டு வெட்டி மாட்டினோம், ஒரு கோடை கூட தாங்கல. யாரும் அடிக்கல, எதுவும் விழல, ஒருநாள் மத்தியானம் கரையில நிக்கும்போதே டிக்குனு ஒரு சத்தம், பாத்தா ஸ்க்ரூ ஓட்டையில இருந்து மேல வரைக்கும் விரிசல். டேப்பு ஒட்டியே இத்தனை நாள் ஓட்டிட்டோம், இப்ப ஒரு பக்கத்துண்டும் விட்டுடுச்சு. கண்ணாடிக் கடைக்காரர் ஜன்னல் கண்ணாடி 5 எம்.எம். போட்டுக்கலாம்ங்கிறார், இன்னொருத்தர் பாலிகார்பனேட் போடு உடையவே உடையாதுங்கிறார். அக்ரிலிக்கே மட்டமான பொருளாண்ணே? எதைப் போடுறது, எப்படிப் போடுறது, விவரமா சொல்லுங்க.
- ஒரு வாசகர், முத்துப்பேட்டை

பதில்: தம்பி, உங்க கடிதத்துலயே பதில் இருக்கு. "யாரும் அடிக்கல, கரையில நிக்கும்போதே டிக்குனு சத்தம்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரி போதும். அது ஷீட்டோட குத்தம் இல்ல, மாட்டினவரோட குத்தம். அவரையும் நான் திட்ட மாட்டேன், ஏன்னா நானும் அதையே செஞ்சவன்தான். பல வருஷம் முன்னாடி அதிராம்பட்டினத்துல ஒரு போட்டுக்கு மார்கழி மாசம் விடியக்காலை வேலை பாத்தேன், ஷீட்டு ஃபிரேமுக்குள்ள இம்மி கூட ஆடாம அப்படியே செட்டாயி உக்காந்துச்சு, எவ்வளவு கச்சிதமா வெட்டியிருக்கோம்னு மனசுக்குள்ள அவ்வளவு சந்தோஷம். சித்திரையில அவங்க வீட்டுப் பையன் வந்து கூப்பிட்டான், போய்ப் பாத்தா ஷீட்டு நடுவுல தொப்பை மாதிரி உப்பி நிக்குது, கீழ ரெண்டு ஸ்க்ரூ ஓட்டையில இருந்தும் விரிசல் கிளம்பியிருக்கு. காசு வாங்காம திரும்ப மாட்டிக் குடுத்தேன். அன்னிக்குக் கத்துக்கிட்டதைத்தான் இப்ப உங்களுக்குச் சொல்றேன்.

அக்ரிலிக் ஒரு பிளாஸ்டிக்தான், வெயில்ல நீளும். கண்ணாடியை விட ரொம்ப அதிகமா நீளும். கணக்கு இதுதான், ஒரு மீட்டர் நீள அக்ரிலிக் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 0.07 எம்.எம். நீளும். உங்க நடுத்துண்டு 1.2 மீட்டர்னு வைங்க, மார்கழி விடியக்காலை 22 டிகிரி, அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் வெயில்லயே நிக்கிற ஷீட்டு 55 டிகிரி வரைக்கும் போகுதுன்னு வைங்க, 33 டிகிரி வித்தியாசம், பெருக்கிப் பாருங்க, 2.8 எம்.எம். வருது. நம்ம ஆசாரிங்க கணக்குல சொன்னா கிட்டத்தட்ட ஒரு நூல். அதைப் பிடிச்சிருக்கிற அலுமினிய ஃபிரேம் அதே சூட்டுல அதுல மூணுல ஒரு பங்குதான் நீளும். அப்ப மிச்சம் ரெண்டு எம்.எம். எங்க போகும்? இடம் இருந்தா பக்கவாட்டுல போகும், இடம் இல்லேன்னா உப்பும், உப்பவும் விடாம ஸ்க்ரூ இறுக்கிப் பிடிச்சிருந்தா எந்த ஓட்டை பலவீனமோ அங்க வெடிக்கும். உங்களுக்குக் கேட்ட டிக்கு அதுதான்.

அதனால எந்த ஷீட்டுன்னு பேசுறதுக்கு முன்னாடியே இந்த ஒரு நூல் விஷயத்தை மனசுல போட்டுக்குங்க, மீதி எல்லாம் இதைச் சுத்தித்தான்.

முதல்ல ஜன்னல் கண்ணாடி. வேண்டவே வேண்டாம், தயவுசெஞ்சு வேண்டாம். சாதாரண கண்ணாடி உடைஞ்சா கத்தி கத்தியா உடையும். உங்க ஊர் லகூன்ல, அதான் கடலோரக் காயல்ல, திடீர்னு ஒரு சேத்துத் திட்டுல போட்டு ஏறி நின்னுச்சுன்னா உள்ள இருக்கிறவங்க எல்லாரும் முன்னாடிதான் போய் விழுவாங்க, முகமும் கையும் அந்தக் கண்ணாடி மேலதான் போகும். அங்கேருந்து கரைக்கு வந்து ஆஸ்பத்திரி போறதுக்குள்ள எவ்வளவு ரத்தம் போகும்னு யோசிங்க. கண்ணாடிதான் வேணும்னா டஃபன்ட் இல்ல லேமினேட்டட், இந்த ரெண்டு ரகம்தான். டஃபன்ட் உடைஞ்சா கல்கண்டு மாதிரி சின்னச் சின்னதா கொட்டும், லேமினேட்டட் உடைஞ்சாலும் நடுவுல இருக்கிற பிலிம் பிடிச்சுக்கும். ஆனா வெயிட்டு. 6 எம்.எம். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 15 கிலோ, அதே கனத்துல அக்ரிலிக் 7 கிலோ சொச்சம்தான். பழைய போட்டு, பழைய ஃபிரேம், அலையில ஒவ்வொரு குதிக்கும் அந்த வெயிட்டு ஃபிரேமோட காலை ஆட்டிக்கிட்டே இருக்கும். உங்க போட்டுக்கு நான் கண்ணாடி சொல்ல மாட்டேன்.

பாலிகார்பனேட் பத்தி சொன்னவர் பொய் சொல்லல, சுத்தியால அடிச்சாலும் சட்டுனு உடையாது, அது உண்மை. ஆனா கீறல் விழும், ரொம்ப சுலபமா விழும். முத்துப்பேட்டையில உப்புத்தண்ணி தெறிச்சு காஞ்சு கண்ணாடி மேல வெள்ளையா உக்காந்திருக்கும், அதை யாராவது சட்டைக் கையால ஒரு தேய் தேய்ச்சா போதும், உப்புத்தாள் போட்ட மாதிரி ஆயிடும். அதோட வெயில்ல மஞ்சள் அடிக்கும், யூ.வி. பூச்சு இருக்கிற ஷீட்டா வாங்கணும், அந்தப் பூச்சு பல ஷீட்டுல ஒரு பக்கம்தான் இருக்கும், மேல ஒட்டியிருக்கிற பிலிம்ல எந்தப் பக்கம் வெளியன்னு எழுதியிருக்கும். பல பேர் முதல் வேலையா பிலிமை உரிச்சுப் போட்டுட்டு அப்புறம் திருப்பி மாட்டிடறாங்க. பிலிமை உரிக்கிறதுக்கு முன்னாடி மார்க்கர்ல மூலையில ஒரு புள்ளி வச்சுக்குங்க. இதுவும் வெயில்ல அக்ரிலிக் மாதிரியேதான் நீளும், அதனால ஒரு நூல் கணக்கு இதுக்கும் உண்டு.

என் முடிவு, நடுத்துண்டுக்கு 6 எம்.எம். அக்ரிலிக். கேக்கும்போது 'காஸ்ட் ஷீட்டு'ன்னு, அதாவது அச்சுல ஊத்தி வார்த்ததுன்னு கேட்டு வாங்குங்க. எக்ஸ்ட்ரூடட்னு மெஷின்ல பிதுக்கி எடுத்தது இன்னொண்ணு வரும், விலை குறைச்சல், ஆனா துளை போடும்போது சூடாகி பிட்டுல ஒட்டும், சீக்கிரம் நுண்விரிசல் விழும். தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சின்னு எந்த ஊர் நேம்போர்டு கடையிலயும் அக்ரிலிக் கிடைக்கும். அவங்க லேசர் மெஷின்ல வெட்டிக் குடுப்பாங்க, விளிம்பு பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கும், பாக்க அழகு, ஆனா அந்த விளிம்பு உருகி இறுகினது, உள்ளுக்குள்ள இழுவிசை இருக்கும். அதுல தின்னரோ ஸ்பிரிட்டோ பட்டா கொஞ்ச நேரத்துல முடி முடியா விரிசல் ஓடும். வாளால வெட்டச் சொல்லுங்க. லேசர்தான் இருக்குன்னா விளிம்பை 120 நம்பர் உப்புத்தாள்ல நல்லா தேய்ச்சு அந்தப் பளபளப்பை எடுத்துட்டு, அப்புறம் 220, 400னு போய் மழமழன்னு ஆக்கிடுங்க. விளிம்புல ஒரு சின்ன வெட்டு இருந்தாலும் நாளைக்கு விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும், துணி கிழிக்கிறதுக்கு முன்னாடி ஓரத்துல ஒரு வெட்டு போடுவோம்ல அந்த மாதிரி.

பக்கத்துண்டு வளைவுன்னு சொன்னீங்க, அது எவ்வளவு வளைவுன்னு அளக்கணும், கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. வளைவோட உள்பக்கம் 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடிங்க, நூலோட நடுவுல இருந்து கண்ணாடி எவ்வளவு தள்ளி இருக்குன்னு ஸ்கேல் வச்சுப் பாருங்க. 4 சென்டிமீட்டர்னு வந்தா, 60-ஐ 60-ஆல பெருக்கி 3600, அதை 4-ஐ எட்டால பெருக்கின 32-ஆல வகுத்தா 112.5, அதுகூட நாலுல பாதி 2-ஐ கூட்டுங்க, 114.5. அதான் வளைவோட ஆரம், கிட்டத்தட்ட 1.15 மீட்டர். அக்ரிலிக்கைச் சூடு காட்டாம கையாலயே வளைச்சு மாட்டணும்னா கனத்தைப் போல 200 மடங்காவது ஆரம் இருக்கணும், 6 எம்.எம்.னா 1.2 மீட்டர் வேணும், 5 எம்.எம்.னா 1 மீட்டர் போதும். அப்ப 115 வந்தா 6 எம்.எம். ஆகாது, 5 எம்.எம். ஆகும். அதை விட வளைவு ஜாஸ்தின்னா ரெண்டு வழி, ஒண்ணு 4 எம்.எம். பாலிகார்பனேட், அது 70 சென்டிமீட்டர் ஆரம் வரைக்கும் குளிர்லயே வளையும், இன்னொண்ணு அக்ரிலிக்கை ஓவன்ல 150, 160 டிகிரி காட்டி அச்சு மேல படுக்க வைக்கிறது. அந்த ஓவன் வேலையை வீட்டுல கேஸ் அடுப்புல டார்ச் லைட்டர்ல எல்லாம் பண்ணிப் பாக்காதீங்க, ஒரு இடம் கொப்புளம் போடும் ஒரு இடம் வளையாது. தெரிஞ்ச இடத்துல குடுங்க.

அளவு எடுக்க டேப்பை நம்பாதீங்க. பழைய போட்டு முறுக்கிக்கிட்டிருக்கும், இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவா இருக்கவே இருக்காது. உடைஞ்ச துண்டுங்களைத் தூக்கிப் போட்டுடாதீங்கன்னு உங்களுக்கு மட்டும் இல்ல எல்லாருக்கும் சொல்றேன், தரையில சேத்து வச்சு டேப்பு ஒட்டினா அதுதான் முதல் டெம்ப்ளேட். அதை 3 எம்.எம். பிளைவுட்ல வரைஞ்சு வெட்டி ஃபிரேம்ல வச்சுப் பாருங்க, இடிக்கிற இடத்தைச் செதுக்குங்க, பிளைவுட் சரியா உக்காந்த பிறகுதான் ஷீட்டை எடுக்கணும். பிளைவுட்டு வீணாப் போனா பரவால்ல, ஷீட்டு வீணாப் போனா வயித்தெரிச்சல். பிளைவுட் ஃபிரேமோட காடிக்குள்ள, அதான் ஷீட்டு உக்கார்ற பள்ளத்துக்குள்ள முட்டி நிக்கும் இல்லையா, அந்த அளவுல இருந்து சுத்திலும் ஒரு நூல், அதாவது 3 எம்.எம். கழிச்சு ஷீட்டை வெட்டுங்க. காடி ஆழம் 10 எம்.எம். இருந்தாத்தான் ஒரு நூல் விட்டும் ஷீட்டு கழண்டு வராம பிடிக்கும், அதையும் பாத்துக்குங்க.

இப்ப துளை. இதை நிதானமா படிங்க, ஏன்னா உங்க ஷீட்டு செத்தது இங்கதான்.

இரும்புக்குப் போடுற ட்ரில் பிட்டு அக்ரிலிக்கை வெட்டாது, கடிக்கும். மேல இருந்து நல்லா இறங்கும், அடியில வெளிய வர்ற நேரத்துல டக்குனு கவ்வி ஒரு சில்லைப் பேத்துக்கிட்டு வந்துடும். அந்தப் பிட்டோட வெட்டுற வாயை எண்ணெய்க்கல்லுல நாலு தேய் தேய்ச்சு கூர்மையைக் குறைச்சுட்டா கடிக்காம சுரண்டும், துருவல் மாதிரி வெள்ளையா தூள் வரும். அடியில ஒரு பலகையை கிளாம்ப் போட்டு இறுக்கிக்குங்க, மேல பிலிமை உரிக்காதீங்க, ட்ரில்லை மெதுவா ஓட விடுங்க, நடுநடுவுல சோப்புத் தண்ணி ரெண்டு சொட்டு விட்டு சூட்டை அடக்குங்க. முதல்ல 3 எம்.எம்., அப்புறம் படிப்படியா பெருசாக்கி, 5 எம்.எம். ஸ்க்ரூவுக்கு 8 எம்.எம். துளை. ஆமா, 8. உங்க ஆள் ஸ்க்ரூ அளவுக்கே துளை போட்டிருப்பார், நான் சத்தியம் பண்ணுவேன். துளையோட மையம் விளிம்புல இருந்து 20 எம்.எம். ஆவது உள்ள இருக்கணும். போட்டு முடிச்சதும் 400 நம்பர் உப்புத்தாளைப் பென்சில் மாதிரி சுருட்டி துளைக்குள்ள விட்டு தேய்ங்க, விரலை விட்டுத் தடவினா எங்கயும் சுரசுரன்னு படக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு கீறல்தான் அப்புறம் ஒரு அடி விரிசலா ஆகுது.

ஸ்க்ரூவும் கவனிக்கணும். தலை கீழ்ப்பக்கம் கூம்பா இருக்கிற ஸ்க்ரூ ஆகவே ஆகாது, அது ஆப்பு மாதிரி இறங்கி ஷீட்டைப் பிளக்கும். தலை அடியில தட்டையா இருக்கிற பேன் ஹெட், 316 ஸ்டெயின்லெஸ், அதுக்கு அடியில அகலமான நைலான் வாஷர். டைட்டா இறுக்கிட்டு, அப்புறம் கால் சுத்து பின்னாடி திருப்பி விட்டுடுங்க. வாஷர் விரலால தள்ளினா லேசா நகரணும். இறுக்கினாத்தான் தண்ணி வராதுன்னு நம்ம கை கேக்காது, ஆனா தண்ணியைத் தடுக்கிறது ஸ்க்ரூ இல்ல, ஷீட்டு ஓரத்துல வர்ற ரப்பர் பட்டையான பீடிங்கும், இடுக்கை அடைக்கிற பசையான சீலன்ட்டும்தான்.

ரப்பர் பீடிங் இ.பி.டி.எம். ரகமா வாங்குங்க, வெயிலுக்குத் தாங்கும். போட்டுக்குன்னு தனியா தேடி அலைய வேண்டாம், பஸ் பாடி கட்டுறவங்களுக்கு சாமான் விக்கிற கடையில கிடைக்கும், கரூர் பக்கம் போனீங்கன்னா பல வடிவத்துல பாக்கலாம், பழைய பீடிங்ல ஒரு சாண் வெட்டி கையில எடுத்துட்டுப் போங்க. பீடிங்கை உள்ள தள்ள கிரீஸ் எண்ணெய் எதுவும் போடாதீங்க, சோப்புத் தண்ணி மட்டும். சீலன்ட்டுக்கு சிலிக்கான் வாங்கினா நியூட்ரல் க்யூர்னு, அதாவது அமிலம் விடாத ரகம்னு எழுதினதை வாங்குங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா மூக்குதான், பிதுக்கினதும் வினிகர் வாசனை மூக்கைத் துளைச்சா அது அமிலம் விடுற ரகம், அலுமினியத்தையும் அரிக்கும், பாலிகார்பனேட்டுக்கும் ஆகாது. சீலன்ட் போட்டதும் இறுக்கி முழுசையும் வெளிய பிதுக்கிடாதீங்க, ரெண்டு எம்.எம். மெத்தை மாதிரி உள்ள நிக்கணும், அந்த மெத்தைதான் ஷீட்டு நகரும்போது கூடவே நகர்ந்து குடுக்கும்.

ஃபிரேமைக் கழட்டுறதுதான் உண்மையிலேயே கஷ்டமான வேலை, அதைச் சொல்லாம விட்டா நீங்க பாதியில என்னைத் திட்டுவீங்க. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் உப்புத்தண்ணியும் சேந்தா அலுமினியம் கரையும், ஸ்க்ரூவைச் சுத்தி வெள்ளை மாவு மாதிரி பூத்து ரெண்டும் ஒட்டிப்போயிருக்கும். அவசரப்பட்டு திருப்பினா தலை வழுக்கிடும், இல்லேன்னா ஒடிஞ்சு உள்ள நின்னுக்கும். முந்தின நாள் சாயங்காலமே துருவுக்கு விடுற எண்ணெயை ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் விட்டுட்டு வாங்க. காலையில சால்டரிங் அயர்னை ஸ்க்ரூ தலை மேல அஞ்சு நிமிஷம் வச்சு சூடு பண்ணுங்க, பக்கத்துல பெட்ரோல் டேங்க், ஹோஸ், கேன் எதுவும் இருக்கக்கூடாது, எண்ணெயையும் முதல்ல துணியால துடைச்சிடுங்க. அப்புறம் சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரை வச்சு பின்னாடி சுத்தியால ஒரு தட்டு, முதல்ல இறுக்குற பக்கம் ஒரு துளி, அப்புறம் கழட்டுற பக்கம். கிர்ர்னு ஒரு சத்தம் வரும், வந்தா அந்த ஸ்க்ரூ நம்ம பக்கம். திரும்ப மாட்டும்போது அலுமினியத்துக்கு ஜிங்க் குரோமேட் பிரைமர் அடிச்சு, ஸ்க்ரூவும் அலுமினியமும் நேரா தொடாம நடுவுல நைலான் புஷ், அதான் குழாய் மாதிரி சின்ன உறை போட்டுட்டா அடுத்த தடவை இந்தப் பாடு இருக்காது.

ஃபிரேமை எடுத்ததும் அந்த ஓட்டைங்க இருக்கிற டெக்கை ஒரு அஞ்சு ரூபா காயினால தட்டிக்கிட்டே போங்க. டங்டங்னு வந்தா நல்லது, ஒரு இடத்துல தொப்புனு வந்தா உள்ள இருக்கிற பிளைவுட் ஊறிப்போயிருக்கு. பழைய ஃபைபர் போட்டு நிறைய, ரெண்டு ஃபைபர் தோலுக்கு நடுவுல பிளைவுட் வச்சுத்தான் கட்டியிருப்பாங்க, இத்தனை வருஷமா ஸ்க்ரூ ஓட்டை வழியா தண்ணி இறங்கியிருக்கும். சின்னதா இருந்தா ஓட்டையைப் பெருசாக்கி, நல்லா காய விட்டு, எப்பாக்ஸி நிரப்பி, இறுகினதும் அதுக்கு நடுவுல புது ஓட்டை போடுங்க. ஒரு கை அகலத்துக்கு தொப்புனு வந்தா கண்ணாடி வேலையை நிறுத்திட்டு முதல்ல டெக்கை சரி பண்ணணும். ஊறின மரத்துல ஃபிரேமை மாட்டினா ஃபிரேம் ஆடும், ஃபிரேம் ஆடினா நீங்க எத்தனை நூல் விட்டும் பிரயோஜனமில்ல.

இன்னொண்ணு, உங்க போட்டுல ஏறுறவங்க எதைப் பிடிச்சு ஏறுறாங்கன்னு பாருங்க. முன்கண்ணாடியோட மேல் கம்பியைத்தான் பிடிப்பாங்க, நான் பாத்த எல்லா போட்டுலயும் அப்படித்தான். 70 கிலோ ஆள் அதைப் பிடிச்சு தொங்கி ஏறினா எந்த ஷீட்டும் தாங்காது. டெக்குல தனியா ஒரு பிடிகம்பி போட்டுக் குடுங்க. மேல் விளிம்பு ஓட்டுறவரோட கண்ணுக்கு நேரா வரக்கூடாது, ஒண்ணு கண்ணாடி வழியா பாக்கணும் இல்ல கண்ணாடிக்கு மேல பாக்கணும், கம்பி நடுவுல குறுக்க வந்தா எதிர்ல வர்ற வள்ளம் அந்தக் கம்பிக்குப் பின்னாடி மறைஞ்சிடும். உங்க அப்பா உயரத்துக்கு வச்ச ஃபிரேம்னா நீங்க உக்காந்து பாத்துட்டு அளவை முடிவு பண்ணுங்க. கறுப்பு ஷீட்டு ஸ்டைலா இருக்கும்னு போடாதீங்க, கோரையாத்துல ரெண்டு பக்கமும் அலையாத்திக் காடு, பொழுது சாயுற நேரத்துல அதுவே இருட்டு.

வேலையை எப்ப வச்சுக்கிறதுன்னா, ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல விசைப்படகுங்க எல்லாம் கரையில நிக்கும், ஃபைபர் வேலைக்காரங்க எல்லாம் அதுலயே பிசியா இருப்பாங்க. நீங்க மாசி மாசமே முடிச்சிடுங்க, மழையும் இருக்காது, வெயிலும் நடுத்தரம். அப்படி இல்லாம உச்சி வெயில்ல மாட்ட வேண்டி வந்தா ஷீட்டு ஏற்கனவே நீண்டுதான் இருக்கும், அப்ப சுருங்குறதுக்கு இடம் வேணும், ஸ்க்ரூ துளைக்கு நடுவுல நிக்குதான்னு பாத்து மாட்டுங்க. துளையோட ஓரத்துல முட்டிக்கிட்டு நின்னா 8 எம்.எம். துளை போட்டும் போடாத மாதிரிதான்.

கேள்வி: அண்ணா, எங்க வீட்டுக்காரர் போட்டோட முன்கண்ணாடி உடையல, ஆனா பனி படிஞ்ச மாதிரி மங்கிப்போச்சு, எதிர் வெயில்ல ஒண்ணுமே தெரியலைங்கிறார். மாத்தியே ஆகணுமா? தின்னர் போட்டுத் துடைச்சா போகும்னு ஒருத்தர் சொன்னார்.
- ஒரு வாசகி, கிள்ளை

பதில்: தின்னர் மட்டும் வேண்டாம்மா. நல்ல வேளை துடைக்கிறதுக்கு முன்னாடி கேட்டீங்க. தின்னர், பெட்ரோல், அசிட்டோன், ஸ்பிரிட்டு, அமோனியா கலந்த கண்ணாடி ஸ்ப்ரே எதுவுமே அக்ரிலிக்குக்கும் பாலிகார்பனேட்டுக்கும் ஆகாது. என் கண் முன்னாடி ஒரு பையன் பெயின்ட் தெறிச்சதைத் தின்னர் துணியால துடைச்சான், அப்ப ஒண்ணும் தெரியல, டீ குடிச்சுட்டு வந்து பாத்தா ஷீட்டு முழுக்க சிலந்தி வலை. அதுக்கப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது.

முதல்ல அது என்ன பொருள்னு பாருங்க. விரலால தட்டினா டிங்குனு வந்து தொட்டா சில்லுன்னு இருந்து விளிம்பு பச்சையா தெரிஞ்சா கண்ணாடி. தொக்குனு வந்தா பிளாஸ்டிக். பிளாஸ்டிக்ல ரெண்டையும் பிரிக்கணும்னா ஃபிரேமுக்குள்ள மறைஞ்சிருக்கிற விளிம்புல கத்தியால நகத்துணுக்கு அளவு சீவி, போட்டை விட்டு ரொம்ப தள்ளி தரையில வச்சு கொளுத்திப் பாக்கச் சொல்லுங்க, பழ வாசனையோட சடசடன்னு எரிஞ்சுக்கிட்டே இருந்தா அக்ரிலிக், கறும்புகை விட்டு தானா அணைஞ்சா பாலிகார்பனேட்.

அக்ரிலிக்கா இருந்தா காப்பாத்திடலாம். நல்ல தண்ணியை ஊத்தி உப்பைக் கழுவிட்டு, தண்ணி விட்டுக்கிட்டே 600, 800, 1000, 1500, 2000னு வரிசையா உப்புத்தாள், ஒவ்வொரு தடவையும் முந்தின தேய்ப்புக்குக் குறுக்கா தேய்க்கணும், முந்தின கோடு போன பிறகுதான் அடுத்த நம்பர். 600-ல நிறுத்தும்போது முன்னை விட மோசமா வெள்ளையா தெரியும், கெட்டுப்போச்சுன்னு பயந்துடாதீங்க, கடைசியில காருக்குப் போடுற பாலிஷை பஞ்சுத் துணியில தேய்ச்சா தெளிஞ்சு வரும். ஒரு முழு நாள் வேலைம்மா, தோள் வலிக்கும், ஆனா பலன் உண்டு. பாலிகார்பனேட்டா இருந்தா தேய்க்காதீங்க, மேல இருக்கிற யூ.வி. பூச்சு போயிடும், ஒரே வருஷத்துல மஞ்சளாகிடும், மாத்துறதுதான் வழி. மேல சொன்ன 8 எம்.எம். துளை, ஒரு நூல் இடைவெளி எல்லாம் உங்களுக்கும் சேத்துத்தான். மாத்தினாலும் தேய்ச்சாலும் தினம் கரைக்கு வந்ததும் ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊத்தி உப்பைக் கரைச்சுட்டு அப்புறம்தான் துணியை வைக்கணும்.

கேள்வி: காயலாங்கடையில வேன் முன்கண்ணாடி ஒண்ணு சும்மா கிடைக்குது, வெட்டி போட்டுக்குப் போடலாமா?
- ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: மூலையில பொறிச்சிருக்கிறதை முதல்ல படிங்க. ஐ.எஸ். 2553னு இருக்கும், வண்டிக்கான பாதுகாப்புக் கண்ணாடிங்கிறதுக்கான நம்பர் அது, கூடவே டஃபன்டா லேமினேட்டடான்னும் குறிச்சிருப்பாங்க. டஃபன்ட்னா வெட்டவே முடியாது, கட்டர் பட்ட நிமிஷம் மொத்தமும் கொட்டிடும். வேனோட பக்கக் கண்ணாடி, பின் கண்ணாடி பெரும்பாலும் அந்த ரகம்தான். முன்கண்ணாடி லேமினேட்டட், அதை வெட்டலாம், ரெண்டு பக்கமும் தனித்தனியா கோடு போட்டு நடுவுல இருக்கிற பிலிமை பிளேடால அறுக்கணும், கை பழகின ஆள் வேணும். ஆனா வேன் கண்ணாடியோட வளைவு உங்க ஃபிரேமோட வளைவுக்கு ஒத்து வராது, அதை இறுக்கிப் பிடிச்சு ஃபிரேம்ல உக்கார வச்சா முதல் அலைக்கே விரியும். வெட்டின ஓரம் வழியா உப்புத்தண்ணி பிலிமுக்குள்ள இறங்கி சுத்திலும் பால் மாதிரி வெளுத்துக்கிட்டே வரும். சும்மா கிடைச்சாலும் வேண்டாங்க. உங்க ஃபிரேம் நேர்த்துண்டுன்னா பிளைவுட் டெம்ப்ளேட்டோட அக்ரிலிக் கடைக்குப் போங்க, அறிவிப்புப் பலகை வெட்டின மிச்சத்துல உங்க அளவுக்குத் துண்டு இருக்கான்னு கேளுங்க, 6 எம்.எம். காஸ்ட் மிச்சம் கிடந்தா எடைக்கே குடுத்துடுவாங்க.